உள்ளே துணி விடாத தையல்காரர்

தையல்காரரின் தங்கையைச் சபையிலிருந்து விலக்கி வைத்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து எல்லாரும் வெளியே வந்தபோது வாசல் ஓர் அங்குலம் குறுகியிருந்தது. நிலை, கதவு, தாழ்ப்பாள் எல்லாம் ஒரே சீராகச் சுருங்கியிருந்தன. மிச்ச இடத்தைச் சுவர் தானாகவே நிரப்பிக்கொண்டு வெள்ளையும் அடித்து முடித்திருந்தது. முதலில் கவனித்தவர் தையல்காரர்தான். அவர் சபை மூப்பர்களில் ஒருவர். வருகிறவர்களை வாசலில் நின்று வரவேற்கும் பொறுப்பு அவருடையது. வரவேற்பு என்றதும் சிரித்த முகத்தை எதிர்பார்த்துவிடக் கூடாது. கழுத்தில் அளவு நாடா தொங்க, ஆளை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்ப்பார். மார்பளவு, இடுப்பளவு, போன வாரம் வராததற்கு உண்மையான காரணம், இந்த வாரம் வந்ததற்கு உள்நோக்கம் எல்லாம் அந்த ஒரே பார்வையில் அவருக்குக் கிடைத்துவிடும். இஞ்சு டேப் என்று அவருக்குப் பட்டப்பெயர் வைத்தவர்கள் நாடாவை மட்டும் நினைத்து வைக்கவில்லை. அன்றைக்கு அவர் வாசலையும் அப்படித்தான் பார்த்தார், ஓர் அங்குலம் குறைகிறது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார், வாயைத் திறக்கவில்லை. திறந்தால் எதனால் குறைந்தது என்று யாராவது கேட்பார்கள். அன்றைக்குப் புதிதாக நடந்தது ஒன்றே ஒன்றுதான். அதற்குக் கை தூக்கியவர்களில் அவரும் இருந்தார்.

தங்கை செய்த குற்றம், கையை ஓங்காமல் பேசத் தெரியாத ஒரு கணவனை விட்டுவிட்டு ஒரே ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்தது. சபையின் செயலாளர் விஷயத்தைக் கூட்டத்தில் வைத்தார். "பாயிண்ட் நம்பர் ஒன், அவங்க வந்தது தப்பு. பாயிண்ட் நம்பர் டூ, வந்ததுக்கு வருத்தப்படாம இருக்கிறது அதைவிடத் தப்பு." அவரிடம் எப்போதும் இரண்டு பாயிண்டுகள்தான் இருக்கும், மூன்றாவதற்குப் போவதற்குள் பயந்துபோய் எல்லாரும் கை தூக்கிவிடுவார்கள். போதகர் கண்ணை மூடிக்கொண்டு "கர்த்தருடைய சித்தம்" என்றார். நல்ல மனிதர் என்று ஊரே சொல்லும் மனிதர் அவர். அதாவது, நடந்த எந்த அநியாயத்தையும் அவர் முன்னின்று செய்ததில்லை, பின்னால் நின்று ஜெபித்ததோடு சரி. தையல்காரர் தன் வீட்டுக்குத் திரும்பி, தனியாக ஓர் அறை பார்த்துக்கொள்ளும்படி தங்கையிடம் சொன்னார். அவள் அழவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு, "சரிண்ணா. உன் பாப்பாவோட பள்ளிக்கூடப் பாவாடைக்கு மட்டும் உள்ள கொஞ்சம் துணி விட்டுத் தை. வளர்ற பொண்ணு," என்றாள்.

அவர் விடவில்லை. ஊரிலுள்ள மற்றத் தையல்காரர்கள் பிள்ளைகளின் உடுப்புகளில் நான்கு விரல் துணியை உள்ளே மடித்துத் தைப்பார்கள். பிள்ளை வளர வளர அதைப் பிரித்து விடலாம். இவர் மட்டும் இருக்கிற உடம்புக்கு இருக்கிற அளவில் வெட்டி, மிச்சத்தைத் துண்டாக்கிக் குப்பையில் போடுவார். நாளைக்கு இடுப்பு பெருக்கப் போகிறவனுக்கு இன்றைக்கே எதற்குச் சலுகை என்பது அவருடைய கொள்கை. தொழிலில் தொடங்கிய கொள்கை சபைக்குப் போனதா, சபையில் கற்றதைத் தொழிலில் காட்டினாரா என்று சொல்வது கடினம். மனைவி இறந்த பிறகு வீட்டில் அவருக்கு மிஞ்சியவள் அந்தப் பாப்பா, அவருடைய ஒரே மகள். அவளுடைய பாவாடை அடுத்த வருடமே முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது. தங்கை, சபைக்கு நேர் எதிரே இருந்த பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்து மாடியறையில் குடியிருந்தாள். மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் அங்கே ஏறி இறங்குவாள். ஒரு நாள் பாவாடையின் அடியில் வேறு துணியில் ஒரு பட்டை ஒட்டுப்போட்டிருந்தது. தையல்காரர் பார்த்தார், தையல் கோணல் என்பதையும் பார்த்தார்.

அதன் பிறகு வாசலுக்கு நிறைய வேலை இருந்தது. கொத்தனாரை விலக்கியபோது ஓர் அங்குலம். அவர் குடித்துவிட்டுத் தெருவில் பக்திப் பாட்டுப் பாடியவர். ராகம் பிசகாமல் பாடியதுதான் அவருக்கு எதிரான முக்கியமான சாட்சி, ஏனென்றால் அவ்வளவு குடித்தும் ராகம் பிசகவில்லை என்றால் எவ்வளவு நாள் பழக்கமாக இருக்க வேண்டும். தலைக்குச் சாயம் பூசிய விதவைக்கு ஓர் அங்குலம். வேத பாட வகுப்பில் ஒரு கேள்வி கேட்டு, பதில் சொன்ன பிறகும் அதே கேள்வியைக் கேட்ட வாலிபனுக்கு ஒன்றரை. இதற்கெல்லாம் தகவல் கொடுத்து உதவியவர் ஜெபக்குழுத் தலைவி. அவர் புறங்கூற மாட்டார், அது பாவம். ஜெபக் குறிப்பாகத்தான் சொல்வார். "பேரு சொல்ல மாட்டேன். நீலக் கேட்டு வீடு, மாடியில குடியிருக்கிறவங்க, மூணாவது பையன். ஜெபத்துல வெச்சுக்குங்க." எல்லாரும் ஜெபத்தில் வைத்துக்கொள்வார்கள். அடுத்த மாதம் மாடி வீட்டு மூன்றாவது பையன் சபையில் இருக்க மாட்டான்.

பெரிய உடம்புக்காரர்கள் இரண்டு பக்கமும் தோள் உரசி உள்ளே வரத் தொடங்கியபோது விஷயம் எல்லாருக்கும் தெரிந்துபோனது. வேறொரு சபையாக இருந்திருந்தால் பயந்திருப்பார்கள். இவர்கள் பூரித்துப் போனார்கள். ஜீவனுக்குப் போகிற வாசல் இடுக்கமானது என்ற வேத வசனத்தைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வந்தவர்கள். அது தங்கள் சபைக்கே வந்து சேரும் என்று யார் எதிர்பார்த்தார்கள். போதகர் அதைப் பற்றிப் பல வாரங்கள் பிரசங்கம் செய்தார். அயல் சபைகளிலிருந்து ஆட்கள் வந்து வாசலைத் தொட்டுப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள். ஒரு சபையில் ஆசாரியை வைத்து இரண்டு பக்கமும் பலகை அடித்துப் பார்த்தார்கள். "அது ஆசாரிக் குறுக்கம், நம்மளுது அப்படியா," என்றார் செயலாளர். குண்டாக இருப்பது உலக சிநேகத்தின் அடையாளம் என்று ஒரு கருத்து பரவி, பாதிப் பேர் இராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினார்கள். நழுவி உள்ளே போவதற்காக எல்லாரும் உடுப்பை இறுக்கித் தைக்கச் சொன்னார்கள், தையல்காரருக்கு மூச்சுவிட நேரமில்லை. மணமக்கள் ஒருவர் பின் ஒருவராகப் பக்கவாட்டில் நுழைந்தார்கள். சவப்பெட்டிகளைப் படியில் வைத்தே அடக்க ஆராதனையை முடித்தார்கள். தாமதமாக வருகிறவர்கள் பின்கதவு வழியாகப் பூனை மாதிரி நுழைகிறார்கள் என்று பின்கதவைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். விலக்கப்பட்டவர்கள் தெருவில் நின்று பாட்டுக் கேட்கிறார்கள் என்று ஜன்னல்களுக்குக் கம்பி போட்டார்கள். இரண்டுமே ஏகமனதான தீர்மானங்கள். சில வருடங்களில், பக்கவாட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகக்கூடியவர்கள் நான்கே பேர் மிஞ்சினார்கள்: போதகர், செயலாளர், ஜெபக்குழுத் தலைவி, தையல்காரர். பரலோகமே நமக்குத்தான் என்பது போல நான்கு பேரும் நான்கு வரிசைகளில் விரிந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

இதற்குள் மகள் வளர்ந்து, அப்பா கடையில் பொத்தான்களுக்குக் காஜா போட்டுக்கொண்டிருந்தாள். ஆளைப் பார்த்தே அளவு சொல்கிறவருக்கு மகளின் இடுப்பு கூடுவது அவளுக்கே தெரிவதற்கு முன்னால் தெரிந்துவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் அளவைத் தெரியாதது போல நடந்துகொண்டார். கல்யாணம் செய்துகொள்கிறேன் என்றவன் வேலை தேடி எங்கோ போய் முகவரியையும் கூடவே கொண்டுபோயிருந்தான். ஜெபக்குழுத் தலைவி அடுத்த கூட்டத்தில் கண் கலங்க எழுந்தார். "பேரு சொல்ல மாட்டேன். அப்பா டெய்லர்."

விசாரணைக்கு மகளை வரச் சொன்னார்கள். அவளால் உள்ளே வர முடியவில்லை, வயிறு நுழையவில்லை. வெளிப்படியிலேயே நின்றாள், அவளைத் தாங்கிப் பிடித்தபடி அத்தை நின்றாள். செயலாளருக்கு இது பெரிய உதவியாகப் போனது. "பாயிண்ட் நம்பர் ஒன், வாசலே தீர்ப்புச் சொல்லிடுச்சு. பாயிண்ட் நம்பர் டூ, நாம அதை ஆமோதிச்சாப் போதும்." மகள் அவரைப் பார்க்கவே இல்லை. "நீங்க என்ன சொல்றீங்கப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

தையல்காரர் ஏதோ சொல்ல நினைத்தார். என்ன என்று பிற்பாடு அவருக்கே ஞாபகமில்லை. ஆனால் தூக்கிப் பழகிய கை வாயைவிட வேகமானது, அது எழுந்துவிட்டது. வாசல் இந்தத் தடவை ஓர் அங்குலத்தோடு நிற்கவில்லை. துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தத்தோடு சேர்ந்துகொண்டே வந்து, நான்கு விரல் அகலத்தில் நின்றது. அந்த இடுக்கில் மகளின் ஒரு கண் தெரிந்தது. பிறகு அதுவும் போய்விட்டது.

நால்வரும் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். சபைக்குள் ஒரு மூலையில் குழாயும் கழிப்பறையும் இருந்தன, ஆகையால் அந்தக் கவலை யாருக்கும் வேண்டாம். சாப்பாடுதான் பிரச்சினை. மறுநாள் காலையில் தங்கை ரொட்டியை மெல்லிசாக வெட்டி இடுக்கின் வழியாக நீட்டினாள். அன்றிலிருந்து தினமும் நீட்டினாள். விலக்கப்பட்டவளின் கையால் வாங்கலாமா என்று செயலாளர் ஒரு பாயிண்ட் எழுப்பினார். இரண்டாவது பாயிண்ட்டுக்குப் போவதற்குள் அவருக்கே பசித்துவிட்டது. கொத்தனார் சம்மட்டியோடு வந்து சுவரைத் தட்டிப் பார்த்து, அரை மணி நேர வேலை என்றார். உள்ளேயிருந்து செயலாளர் தடுத்தார். ஒழுங்கு நடவடிக்கைக்கு உட்பட்டவர் சபைக் கட்டடத்தில் கை வைக்கக் கூடாது என்பது விதி. முதலில் அவர் சபைக்கு முன்னால் நின்று தன் பாவத்தை அறிக்கையிட வேண்டும். அதற்கு உள்ளே வர வேண்டும்.

"உள்ள வர வாசலை இடிக்கணுமே சார்," என்றார் கொத்தனார்.

"அறிக்கையிட்ட பிறகு இடிக்கலாம்."

கொத்தனார் சம்மட்டியைத் தோளில் போட்டுக்கொண்டார். "அந்த அக்காவுக்குத் திருவிருந்து ரொட்டி கிடையாதுன்னீங்க. இப்ப அவங்க கையாலதான் மூணு வேளையும் ரொட்டி. நல்லா மென்னு சாப்பிடுங்க சார், நான் வரேன்." பாடிக்கொண்டே போனார். ராகம் பிசகவில்லை.

சில வாரங்கள் கழித்து, இது எங்கிருந்து வந்த தொல்லை என்று போதகருக்கு லேசாக ஓர் எண்ணம் தட்டியது. மன்னிப்புத் தீர்மானம் ஒன்று போட்டார்கள். விலக்கப்பட்ட அனைவரையும், அவரவர் குற்றத்தை விவரமாக எடுத்துச் சொல்லி, அவர்களுடைய தகுதியின்மையை ஒரு தடவை நினைவுபடுத்தி, சபை தன் பெருந்தன்மையால் மன்னிக்கிறது என்று செயலாளர் இடுக்கில் வாயை வைத்துத் தெருவுக்குக் கேட்க வாசித்தார். வாசித்து முடித்ததும் வாசல் மூன்று விரலாகியது. தங்கை ரொட்டியை இன்னும் மெல்லிசாக வெட்டத் தொடங்கினாள். அவள் அண்ணனிடம் கோபமாகப் பேசவில்லை, ஒரு சொல்லுக்கு மேல் பேசவும் இல்லை. அவர் தினமும் ரொட்டியை வாங்கிக்கொண்டு, "அவ எப்படி இருக்கா?" என்று கேட்பார்; "இருக்கா" என்று பதில் வரும். எட்ட நின்று பார்த்தால், மகள் இப்போது தங்கியிருந்த பேக்கரி மாடியின் ஜன்னலும் காய்கிற துணிகளும் இடுக்கில் தெரியும். அந்த ஜன்னலுக்குப் போக வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு இப்போது வேறு ஆசை எதுவும் இல்லை. நடந்தால் ஒரு தெருவின் அகலம்தான். ஒரு நாள் அந்தக் கொடியில் கைக்குட்டை அளவுத் துணிகள் காய்ந்தன. அவர் நாள் முழுக்க அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் ரொட்டிக்குப் பதிலாக மகள் வந்தாள், கையில் குழந்தையோடு. இடுக்கில் முதலில் வந்தது ஒரு குட்டி விரல்.

"பொண்ணுப்பா. இவளுக்குப் போட ஒரு சட்டை இல்ல. கடையில வாங்கினதெல்லாம் தொளதொளன்னு இருக்கு. நீங்க தைக்கிறீங்களா, இல்ல வேற டெய்லரப் பாக்கட்டுமா?"

"வேற டெய்லரா?" என்றார் தையல்காரர். "எவன்?"

கழுத்திலிருந்த நாடாவின் நுனியை இடுக்கின் வழியாக நீட்டினார். மகள் அதைக் குழந்தையின் மார்பைச் சுற்றிக் கொண்டுவந்து அவரிடம் திருப்பிக் கொடுத்தாள். அவர் குனிந்து பார்த்தார். பதின்மூன்று அங்குலம். எத்தனையோ ஆயிரம் பேரை அளந்தவர் அவர். எந்த அளவையும் பார்த்தவுடன் அதன் பின்னால் நின்ற சங்கதிகளும் சேர்ந்தே தெரிந்துவிடும். இந்தப் பதின்மூன்றுக்குப் பின்னால் ஒன்றுமே தெரியவில்லை. அது யாருடைய குற்றமும் இல்லை, யாருக்கும் தண்டனையும் இல்லை. பதின்மூன்று என்றால் பதின்மூன்று, அவ்வளவுதான்.

ஊசி அவருடைய காலரின் அடியிலும் நூலும் சிறு கத்தரியும் சட்டைப் பையிலும் எப்போதும் இருக்கும். துணிக்குச் சுற்றுமுற்றும் பார்த்தார். திருவிருந்து மேசையின் மேல் வெள்ளை விரிப்பு இருந்தது; நல்ல பருத்தி, அவரே ஓரம் அடித்தது. எடுத்து மடித்து வெட்டத் தொடங்கினார். செயலாளர் எழுந்து நின்றார். ஒரு பிள்ளை என்று சொல்வதற்கே சபையில் இடமில்லாத ஒன்றுக்காகப் பரிசுத்தமான விரிப்பை வெட்டியவர் என்ற முறையில், மூப்பரை இந்த நிமிடமே விலக்கி வைக்க வேண்டும் என்று அவர் இரண்டு பாயிண்டுகளில் முன்மொழிந்தார். தையல்காரர் காதில் வாங்கவில்லை. அவர் தோள் வைத்துக் கை வைத்துப் பக்கத் தையலுக்கு வந்திருந்தார். மிச்சத் துணியை வெட்டப் போன கத்தரி நின்றது. பிறகு அவர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, துணியை உள்ளே மடித்தார்.

வாசல் ஓர் அங்குலம் விரிந்தது. அவர் பார்க்கவில்லை, ஊசியில் கண்ணாக இருந்தார். ஜெபக்குழுத் தலைவிதான் பார்த்தார். யாரிடமும் ஜெபக் குறிப்பாகச் சொல்லாமல் வாயைப் பொத்திக்கொண்டார். அடுத்த பக்கத்தில் மடித்தபோது இன்னும் ஓர் அங்குலம். கீழ்மடிப்புக்கு வந்தபோது தையல்காரர், ஒரு வயதில் இவ்வளவு உயரம் இருப்பாள், பள்ளிக்கூடம் போகும்போது இவ்வளவு, சண்டை போட்டுக்கொண்டு போனால் இவ்வளவு, திரும்பி வந்தால் இவ்வளவு என்று மனக்கணக்காக மடித்துக்கொண்டே போனார், மடிப்புக்கு மடிப்பு வாசலும் விரிந்துகொண்டே போனது. கடைசியில் அந்தச் சட்டையில் வெளியே தெரிந்த துணியைவிட உள்ளே இருந்த துணி அதிகம். செயலாளர் தீர்மானத்துக்கு ஆதரவாகக் கை தூக்கச் சொன்னார். போதகர் வாசலைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், வாழ்க்கையில் முதல் தடவையாகக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு கையின் மேலேயே உட்கார்ந்துகொண்டார். ஜெபக்குழுத் தலைவியும் அப்படியே செய்தார். தூக்கிய கை ஒன்றுதான்.

தையல்காரர் நூலைப் பல்லால் கடித்தார், எழுந்தார், சட்டையைக் குழந்தைக்குப் போட்டுப் பார்க்கப் போனார். போட்டுப் பார்த்து, கழுத்தைச் சரிசெய்து, இரண்டடி பின்னால் நகர்ந்து நின்று பார்த்தபோதுதான் தான் தெருவில் நிற்பது அவருக்குத் தெரிந்தது.

"உள்ள ரொம்பத் துணி விட்டுட்டீங்கப்பா. தூக்கவே கனக்குது."

"வளர்ற பொண்ணு," என்றார் தையல்காரர்.

பேக்கரிப் படியில் தங்கை நின்றுகொண்டிருந்தாள். மன்னிப்பு என்ற சொல்லை ஒரு தடவை தீர்மானத்தில் கேட்டுவிட்டதால் அவருக்கு அதன் மேல் நம்பிக்கை போயிருந்தது. அவளை மேலிருந்து கீழே பார்த்தார். "சட்டை தோள்ல பிடிக்குது உனக்கு. குடு, பிரிச்சு விடறேன்."

"இது நீ தைச்சதுண்ணா. பிரிக்கிறதுக்கு உள்ள எங்க துணி விட்ட?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "சரி, புதுசா தைக்கிறேன்," என்றார். அவள் வழிவிட்டு நின்றாள்; அவர் மாடிக்கு ஏறினார்.

போதகரும் ஜெபக்குழுத் தலைவியும் அன்று மாலையே வெளியே வந்தார்கள். இருவரும் பெரிதாகத் திருந்திவிட்டதாக யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த அம்மாவுக்கு இன்றும் ஒரு ஜெபக் குறிப்பு வாய்வரை வந்துவிடும். வரும்போது வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டு விழுங்கிவிடுவார், அதனால் கொஞ்சம் பருத்தும் இருக்கிறார். வாசல் ஒரு வாரத்துக்கு ஒரு வாரம் அகலம் மாறுகிறது. ஆசாரி எத்தனையோ கதவுகள் செய்து பார்த்துக் கைவிட்டுவிட்டார். இப்போது ஒரு திரைச்சீலைதான் தொங்குகிறது. தையல்காரர் தைத்தது. ஓரங்களில் ஏராளமாகத் துணி மடித்து விட்டிருக்கிறார். மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு தடவை பிரித்து விட வேண்டியிருக்கிறது.

செயலாளர் மட்டும் உள்ளேயே இருக்கிறார். மற்றவர்களுக்கு எவ்வளவு அகலமோ தெரியாது, அவருக்கு வாசல் மூன்று விரல்தான். திரையைத் தள்ளிக்கொண்டு எல்லாரும் அவரைக் கடந்து போகிறார்கள், வருகிறார்கள்; அவர் போனால் சுவரில் நெற்றி இடிக்கிறது. புதிதாக வருகிறவர்கள் அவரைக் காவல்காரர் என்று நினைத்து வணக்கம் வைக்கிறார்கள், அவரும் மறுப்பதில்லை. கொத்தனார் போகும்போதும் வரும்போதும், "சார், இன்னைக்கு என்ன பாயிண்ட்?" என்று கேட்பார், சபை அதையும் பொறுத்துக்கொள்கிறது. தையல்காரரின் பேத்தி, மூன்று தடவை பிரித்து விட்ட அதே சட்டையில், செயலாளரின் காலடியில் உட்கார்ந்து விளையாடுவாள். காலையில் தங்கை பேக்கரியிலிருந்து வருவாள். மற்றவர்களுக்கு முழு ரொட்டியாக வைத்துவிட்டு, அவருக்கு மட்டும் மெல்லிசாக ஒரு துண்டு வெட்டி, படிக்கு வெளியே போய் நின்று, திறந்து கிடக்கிற வாசலில் மூன்று விரல் இடைவெளி இருப்பதாக அவர் நம்பும் இடத்தைப் பார்த்து, துண்டைப் பக்கவாட்டில் திருப்பி உள்ளே நீட்டுவாள். அவர் வாங்கிக்கொள்வார்.